‘குடுக்குறதக் குடுங்க’ என்பது விலையல்ல

சென்ற மாதம் பரமக்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், காலனித் தெருவில், ஒரு தங்கையின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பி.ஏ. தமிழ் முடித்தவள். திருப்பூர் பனியன் கம்பெனியில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அம்மாவின் உடல்நலம் கெட்டதால் ஊர் திரும்பியவள். இப்போது வீட்டில் தையல் எந்திரம் போட்டுத் தைக்கிறாள்.

ஊர்த்தெருவிலிருந்து ஓர் அம்மா வந்தார். திண்ணைக்கு வரவில்லை. வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டு, “ஏ புள்ள, அந்த ரவிக்கை ஆச்சா?” என்றார். தங்கை எழுந்து போய், மடித்து வைத்திருந்த பட்டு ரவிக்கையைப் பையில் போட்டு நீட்டினாள். லைனிங் கொடுத்து, பின்கழுத்தைப் பானை வடிவத்தில் வெட்டி, கயிறும் குஞ்சமும் வைத்துத் தைத்தது. அந்த அம்மா பிரித்துப் பார்த்தார். முகத்தில் நிறைவு தெரிந்தது.

“எம்புட்டு புள்ள?”

“குடுக்குறதக் குடுங்கம்மா.”

நூறு ரூபாய்த் தாள் ஒன்று, இருபது ரூபாய்த் தாள் ஒன்று. தங்கை எண்ணாமல் வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டாள்.

இதே ரவிக்கையை டவுன் கடையில் கொடுத்தால் 350 ரூபாய்க்குக் குறைந்து தைக்கமாட்டார்கள். அங்கே யாரும் ‘கொடுக்கிறதைக் கொடுங்கள்’ என்று சொல்வதும் இல்லை. “ஏன் விலை சொல்லல?” என்று கேட்டேன். “நம்ம எப்படிக்கா வெல சொல்றது? அப்பறம் வராமப் போயிட்டா?” என்றாள்.

அவள் கேட்டது இரண்டு கேள்வி. ‘வராமல் போய்விட்டால்?’ என்பது தொழில் செய்கிற எவருக்கும் வருகிற பயம். அதற்குக் கணக்கில் பதில் இருக்கிறது, பின்னால் பார்ப்போம். ‘நம்ம எப்படி விலை சொல்வது?’ என்பது தொழில் பயம் அல்ல. அது அவள் பிறப்பதற்கு முன்பே அவள் வாயில் வைக்கப்பட்ட சொல். முதலில் அதைப் பேச வேண்டும்.

நம் தாத்தா, பாட்டிகள் விலை சொன்னதில்லை. வயலில் வேலை செய்தவர்களுக்குக் களத்தில் நெல்லை அளந்தவர் நிலக்காரர். மரக்கால் அவருடையது, அளந்த கையும் அவருடையது. சாவுக்குப் பறையடித்தவருக்கும், செத்த மாட்டை அப்புறப்படுத்தியவருக்கும் கிடைத்தது கூலி அல்ல, ‘படி’. எவ்வளவு என்று கேட்டால் திமிர்; கைநீட்டி வாங்கிக்கொண்டு கும்பிட்டால் நல்லவன். தன் வேலைக்குத் தானே விலை சொல்வது என்ற பழக்கமே நம் தெருக்களில் வளரவிடப்படவில்லை.

இதற்கு எழுத்துச் சான்றும் இருக்கிறது. இன்றைய சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளையும் சேர்த்து இருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இந்தியாவின் சாதிமுறை பற்றிய தம் நூலில் அவற்றைப் பதிந்திருக்கிறார். ஆண்கள் சட்டை, கோட்டு, பனியன் அணியக்கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேல் உடம்பை மறைக்கக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளையடிக்கப்பட்டன.

அடுத்த ஆண்டு, 1931 ஜூனில், தடைகள் பதினொன்றாயின. அவற்றில் ஒன்று கூலி பற்றியது. மிராசுதாரிடம் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை செய்ய வேண்டும். ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா.

இந்த இரண்டு பட்டியலையும் சேர்த்துப் படியுங்கள். ரவிக்கை போடாதே என்று சொன்ன அதே வாய்தான் உன் கூலி இரண்டணா என்றும் சொன்னது. உடுப்பதை முடிவு செய்யும் உரிமையும், உழைப்புக்கு விலை முடிவு செய்யும் உரிமையும் ஒன்றாகவே பறிக்கப்பட்டன. முதல் உரிமையை நம் முன்னோர் அடிபட்டு மீட்டுத் தந்தார்கள். இன்று அவர்களின் பேத்தி ரவிக்கை அணிவது மட்டுமல்ல, அதே மாவட்டத்தில் ஊர்த்தெருப் பெண்களுக்கும் ரவிக்கை தைக்கிறாள். ஆனால் இரண்டாவது உரிமையை அவளே இன்னும் கையில் எடுக்கவில்லை. யாரும் இப்போது இரண்டணா என்று சட்டம் போடவில்லை. ‘குடுக்குறதக் குடுங்க’ என்று நாமே சொல்லிவிடுகிறோம்.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்தது என்று 1936இல் அண்ணல் அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். பின்னர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1946இல் குறைந்தபட்சக் கூலி மசோதாவை அவர்தான் கொண்டுவந்தார். 1948இல் அது சட்டமானது. கொடுப்பவரின் மனசுக்கு விடப்பட்டிருந்த கூலி, அதற்குப் பிறகுதான் கேட்டு வாங்கும் உரிமையாக மாறத் தொடங்கியது. ஆனால் அந்தச் சட்டம் முதலாளியிடம் வேலை செய்பவருக்குத்தான் துணையாக இருந்தது. வீட்டில் எந்திரம் போட்டுச் சொந்தமாகத் தைப்பவருக்கு யாரும் விலை குறித்துத் தரமாட்டார்கள். அவரேதான் குறிக்க வேண்டும்.

சரி, எப்படிக் குறிப்பது? அன்று திண்ணையில் ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டோம்.

ஒரு லைனிங் ரவிக்கைக்கு வெட்ட அரை மணி, தைக்க இரண்டு மணி, கொக்கி கட்டி ஓரம் கைத்தையல் போட அரை மணி. ஆக மூன்று மணி நேரம். லைனிங் துணி 50 ரூபாய். நூல், கொக்கி, ஊசி 10 ரூபாய். கரண்டு, எண்ணெய், எந்திரத் தேய்மானம் 10 ரூபாய். மொத்தச் செலவு 70. கைக்கு வந்தது 120. மிச்சம் 50 ரூபாய். அதுதான் மூன்று மணி நேரத்தின் கூலி. இந்தக் கணக்கில் எட்டு மணி நேரம் குனிந்து தைத்தால் 133 ரூபாய்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். அளவெடுத்துக் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்ற குறை இருக்கிறது. அது தனிக் கதை. எந்தத் தனிப்பயிற்சியும் தேவைப்படாத உடலுழைப்புக்கு அரசு சொன்ன கூலி அது. பட்டம் படித்து, பயிற்சி எடுத்து, கம்பெனியில் கை பழகிய பெண்ணுக்குக் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. நோட்டைப் பார்த்தபடி தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை.

336 ரூபாய்க் கணக்கிலேயே போட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு 42 ரூபாய். மூன்று மணி நேரத்துக்கு 126. செலவு 70. ஆக 196. இதில் அவள் திறமைக்கு இன்னும் ஒரு பைசா சேர்க்கவில்லை. 196 ரூபாய்க்குக் கீழே வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் தன் கையிலிருந்து அடுத்தவர் ரவிக்கைக்குப் போட்டுக் கொடுக்கும் மொய்.

திறமை என்று சொல்லும்போது, ‘தையல்தானேக்கா, இதுல என்ன இருக்கு’ என்று நம் பெண்களே சொல்கிறார்கள். என்ன இருக்கிறது என்று பார்ப்போம். துணி தட்டையானது, உடம்பு தட்டையானது அல்ல. தட்டைத் துணியை உடம்பின் வளைவுக்குக் கொண்டுவர, டாட் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று தெரிய வேண்டும். அரை அங்குலம் தள்ளினால் ரவிக்கை வீண். கழுத்துக்குக் கிராஸ் துணி வெட்டத் தெரிய வேண்டும். பட்டுக்கு எந்த ஊசி, பருத்திக்கு எந்த ஊசி என்று தெரிய வேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கும், முதுகு வளைந்த பாட்டிக்கும், ஒரு தோள் தாழ்ந்தவருக்கும் அளவு எப்படி மாறும் என்று தெரிய வேண்டும். இது அத்தனையும் தெரிந்த பிறகு, இரண்டாயிரம் ரூபாய்ப் பட்டில் நடுங்காமல் கத்தரி வைக்கும் துணிச்சல் வேண்டும். வெட்டிய துணி ஒட்டாது.

திருப்பூரில் இருந்ததைப் பற்றிக் கேட்டால், “ஓவர்லாக்லதான் ஒக்காந்திருந்தேன், வேறென்ன தெரியும்” என்கிறாள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பீஸ்களை ஒரே அகலத்தில், ஒரே நேர்கோட்டில் ஓட்டிய கை அது. நூல் அறுவது எதனால், தையல் சுருங்குவது எதனால் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறாள். எந்திரம் மக்கர் செய்தால் தானே கழற்றிச் சரிசெய்கிறாள். கம்பெனி அதற்குச் சம்பளம் குறைவாகக் கொடுத்தது என்பதற்காக அந்தத் திறமை குறைவானது ஆகிவிடுமா?

இன்னொன்றும் கவனித்தேன். ஊர்த்தெருவிலிருந்து வருகிற பலர் டேப் பிடித்து அளவு எடுக்க விடுவதில்லை. பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள். அளவு ரவிக்கை கொடுப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் டவுன் கடையில் கை தூக்கி நின்று அளவு கொடுப்பவர், காலனிப் பெண்ணிடம் மட்டும் அளவு ரவிக்கையோடு நிறுத்திக்கொண்டால், அதன் காரணம் நமக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முந்தைய ரவிக்கையை அளவாகக் கொடுத்துவிட்டு, ‘பிடிக்குது’ என்று பிரித்துத் தைக்கச் சொல்வார்கள். அந்தப் பிரித்துத் தைக்கும் வேலைக்குக் காசு கிடையாது. தங்கைகளே, இதற்கும் ஒரு வழி வையுங்கள். ‘உடம்பில் அளவு எடுத்தால் பொறுப்பு என்னுடையது, அளவு ரவிக்கை கொடுத்தால், மாற்றுவதற்குத் தனிக் காசு’ என்று சொல்லிவிடுங்கள். இதில் சண்டை ஒன்றும் இல்லை. தொழில் தெரிந்த எவரும் சொல்லும் நிபந்தனைதான்.

ஊர்த்தெருவை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் நழுவிவிடக் கூடாது. என் சித்தி மகள் ஒருத்தி பல ஆண்டுகள் எனக்கு ரவிக்கை தைத்துத் தந்திருக்கிறாள். நான் ஒருமுறைகூடக் காசு கொடுத்ததில்லை. ‘நம்ம அக்காகிட்டயா காசு வாங்குறது’ என்று அவள் சொல்வாள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கி வருவேன். கூலி உயர்வுக் கூட்டத்தில் அவள் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு பேசியிருக்கிறேன். உறவு, தெரு, இயக்கம் என்று சொல்லி நம் பெண்களின் உழைப்பை நாமே இலவசமாக எடுத்துக்கொள்கிறோம். கொத்தனார் மாமாவிடம் சும்மா சுவர் கட்டித் தரச் சொல்வோமா? பெண் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்வதால் அது வேலையாகவே கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘சும்மா இருக்கா, தைக்கிறா’ என்று சொல்லும் தகப்பன்களும் அண்ணன்களும், அந்தச் ‘சும்மா’வில்தான் வீட்டுக்கு அரிசி வருகிறதா என்று ஒருமுறை பார்க்கட்டும்.

இப்போது அவளுடைய இரண்டாவது கேள்விக்கு வருவோம். விலை சொன்னால் வராமல் போய்விடமாட்டார்களா? சிலர் போவார்கள். கணக்கைப் பாருங்கள். 120 ரூபாய்க்குப் பத்து ரவிக்கை தைத்தால் செலவு போகக் கிடைப்பது 500 ரூபாய். உழைப்பு 30 மணி நேரம். 220 ரூபாய் என்று விலை வைத்து, வாடிக்கையில் பாதிப் பேர் போய்விட்டாலும், ஐந்து ரவிக்கையில் 750 ரூபாய் நிற்கும். உழைப்பு 15 மணி நேரம்தான். மிச்ச நேரத்தில் ஆரி வேலை கற்றுக்கொள்ளலாம், அடுத்த வேலை பிடிக்கலாம், முதுகை நிமிர்த்திக் கொஞ்சம் படுக்கவும் செய்யலாம். போனவர்களில் சிலர், டவுனுக்குப் பஸ் செலவும் 350 ரூபாயும் கொடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பியும் வருவார்கள்.

உண்மையான ஆபத்து வேறு. நீங்கள் 220 சொன்னால் அடுத்த வீட்டுப் பெண் 100க்குத் தைத்துக் கொடுப்பாள். அவளும் நம் பெண்தான். அவளுக்கும் அடுப்பு எரிய வேண்டும். இதைத் தனி ஆளாகத் தீர்க்க முடியாது. திருப்பூரில் பனியன் தொழிலாளர்களின் சம்பளம் சங்கங்களும் முதலாளிகளும் உட்கார்ந்து பேசிப் போடும் ஒப்பந்தத்தால் உயர்கிறது. அங்கே வேலை பார்த்துத் திரும்பிய பெண்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு ஊரில் ஐந்து பேர் தைத்தால், ஐந்து பேரும் ஒருநாள் மாலை மகளிர் குழுக் கூட்டத்திலேயே உட்காரலாம். சாதா ரவிக்கை, லைனிங் ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை, பால்ஸ் தைப்பது என்று ஐந்து வரிகளில் ஒரு விலைப் பட்டியல். அதற்குக் கீழே யாரும் இறங்குவதில்லை என்று ஒரு வாக்கு. அவ்வளவுதான்.

விலை சொல்வது என்றால் வீம்பு பிடிப்பது அல்ல. கற்றுக்கொள்ளும் நாளில் குறைவாக வாங்குங்கள். அதைச் சொல்லியே வாங்குங்கள். கை வராத வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். சொன்ன தேதியில் கொடுங்கள். தவறு உங்களுடையது என்றால் காசு வாங்காமல் திருத்திக் கொடுங்கள். ஒவ்வொருவரின் அளவையும் நோட்டில் எழுதி வையுங்கள். துணி வாங்கும்போதே பாதிப் பணம் வாங்குங்கள். தீபாவளிக்குத் தைத்த காசைப் பொங்கல் வரை கேட்டு அலையும் நிலை வேண்டாம். இப்படி நடந்துகொள்பவர் விலை சொல்லும்போது எதிரில் நிற்பவருக்கு மறுத்துப் பேச வாய் வராது.

அரசுக்கும் ஒரு வார்த்தை. கைம்பெண்கள், கணவனால் கைவிடப்பட்டோர், ஏழைப் பெண்கள் ஆகியோருக்குத் தமிழ்நாடு அரசு இலவசத் தையல் எந்திரம் வழங்குகிறது. அந்தத் திட்டத்துக்கு சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. நம் சமூகத்தில் பிறந்து, மாநில அமைச்சராகி, 1979இல் ஒன்றிய அமைச்சராகவும் ஆனவர். தம் மக்களுக்கு உரியது கிடைக்கவில்லை என்று கருதியபோது, 1974இல் தாம் வளர்ந்த கட்சியை விட்டு வெளியேறித் தனிக் கட்சி கண்டவர். கொடுத்ததை வாங்கிக்கொண்டு இருந்தவர் அல்ல. அவர் பெயரில் எந்திரம் வாங்கும் பெண்ணும் அப்படி இருக்கலாகாது. எந்திரம் இலவசம், தையல் இலவசமல்ல.

நான் பார்த்த தையல் பயிற்சி வகுப்புகள் எல்லாம் சான்றிதழோடு முடிந்துவிடுகின்றன. அடக்கவிலை போடுவது, விலை சொல்வது, கணக்கு எழுதுவது, கடன் வசூலிப்பது பற்றி ஒரு நாள் பாடம்கூட இல்லை. தாட்கோவும் மகளிர் திட்டமும் நடத்தும் பயிற்சிகளில் இதைக் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள்தான் தைக்கிறார்கள். அந்தச் சங்கங்களில் நம் பெண்களுக்கு உரிய இடமும், விலைவாசிக்கு ஏற்ற தையல் கூலியும் வேண்டும். தைப்பவர்கள் தங்கள் பங்குக்கு, தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நலவாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் படிப்பு, மகப்பேறு, விபத்து, முதுமை ஆகியவற்றுக்கு உதவி உண்டு. மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையரின் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்தில் விவரம் கிடைக்கும். அந்த அட்டை ‘சும்மா இருப்பவள்’ அல்ல, தொழிலாளி என்பதற்கும் சான்று.

மாணவிகளுக்கு ஒன்று. ‘படிப்பு எதுக்கு, தையல் கத்துக்கோ’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். படிப்பை விட்டுவிட்டு ஒதுங்கும் மூலை அல்ல தையல். படித்துக்கொண்டும் கற்கலாம், படித்த பிறகும் கற்கலாம். ஐ.டி.ஐ.யில் ஓராண்டுத் தையல் தொழில்நுட்பப் படிப்பு இருக்கிறது. விரும்பி எடுக்கிறவர்கள் அதையும் ஒரு படிப்பாகவே எடுங்கள். கையில் பட்டமும் ஊசியும் இரண்டும் இருப்பதில் குறைவு எதுவும் இல்லை.

சென்ற வாரம் மறுபடியும் அந்தத் திண்ணைக்குப் போனேன். எந்திரத்துக்கு மேலே சுவரில் ஒரு காலண்டர் அட்டையைத் திருப்பி, ஸ்கெட்ச் பேனாவில் விலை எழுதி ஒட்டியிருந்தாள். லைனிங் ரவிக்கை 220. அது டவுன் விலை அல்ல. ஆனால் யாரும் கொடுத்த விலையும் அல்ல, அவள் கணக்குப் போட்டு வைத்த விலை. மூன்று பேர் முகம் சுளித்துவிட்டுப் போனார்களாம். அந்த வேப்பமரத்தடி அம்மா மட்டும், “என்ன புள்ள, கடை கணக்கா போட்ருக்க” என்று சொல்லிவிட்டு, இரண்டு துணி கொடுத்துப் போயிருக்கிறார்.

நானும் ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தேன். “அக்காகிட்டப் போயி…” என்று ஆரம்பித்தாள். அட்டையைக் காட்டினேன். சிரித்துவிட்டாள். 220 ரூபாய் கொடுத்தேன். இந்த முறை எண்ணிப் பார்த்துத்தான் டப்பாவில் போட்டாள். அங்கிருந்து நேராகச் சித்தி வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். எனக்கும் ஒரு பழைய பாக்கி இருக்கிறது.